நான்காம் மேசையின் பிழையை என் பெயரில் பதியக் கோரி

அனுப்புநர்:
முதல்நிலை மடிப்பாளர், நான்காம் மேசை,
பாராசூட் மடிப்புக் கூடம்,
வான்குதிப்புப் பயிற்சி முகாம்.

பெறுநர்:
குறைதீர்ப்பு ஆணையர் அவர்கள்,
தேசியத் தரைப்படைத் தலைமையகம்.

பொருள்: ஏப்ரல் 17 அன்று பயிற்சிக் குதிப்பில் சரியாக விரியாத பாராசூட்டை மடித்தவர் நானே என்று பதிவு செய்யவும், கூடத்தின் மேற்பார்வையாளர் மீதான விசாரணையில் என் வாக்குமூலத்தை ஏற்கவும் கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. என் மனு, ஏப்ரல் 24 (பதில் இல்லை).
2. என் மனு, மே 6 ("தொடர்பில்லாத நபர்" என்ற குறிப்புடன் திரும்பி வந்தது).
3. என் மனு, மே 20 (கிடைத்தது என்று ஓர் அட்டை மட்டும் வந்தது).

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். இது என் நான்காவது மனு. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். எனக்கு ஐம்பது நெருங்குகிறது. அழுகிற பழக்கமே விட்டுப்போயிற்று. தாம் குற்றம் செய்யவில்லை என்று எழுதுகிறவர்களின் மனுக்களே தங்கள் மேசைக்கு அதிகம் வரும் என்று நினைக்கிறேன். நான் செய்தேன் என்று எழுதுகிறேன். ஏழு வாரமாக எல்லாரும் நம்ப மறுக்கிறார்கள். மேற்பார்வையாளரின் வழக்கு ஜூன் 18 அன்று தீர்ப்புக்கு வருகிறது. அதற்குள் தாங்கள் இதைப் படிக்க வேண்டும் என்பதே என் முதல் வேண்டுகோள்.

2. எங்கள் வேலையைப் பற்றிச் சில வரிகள். கூடத்தில் எட்டு மேசைகள், ஒவ்வொன்றும் ஒரு பேருந்தின் நீளம். பாராசூட்டை மேசையில் நீட்டி, துணியை மடல் மடலாக மடித்து, கயிறுகளை இரண்டு கொத்தாகப் பிரித்து, எல்லாவற்றையும் உறைக்குள் அடக்கி, உறையின் வாயைச் சிவப்பு நூலால் கட்டுவோம். குதிக்கும்போது அந்த நூல் அறுந்து பாராசூட் வெளியே வரும். முடிச்சு மட்டும் உறையோடு தங்கிவிடும். உறையின் பக்கத்தில் ஒரு சிறிய பை உண்டு. அதில் ஓர் அட்டை இருக்கும், அட்டையில் மடித்தவர் கையெழுத்து இருக்கும். விமானத்தில் ஏறுமுன் ஒவ்வொரு வீரரும் அந்த அட்டையை எடுத்துப் படிப்பார். தன் உயிரை யார் மடித்தார் என்று தெரிந்துகொண்டுதான் ஏறுவார்.

3. இந்தக் கூடத்தில் இரண்டு வழக்கங்கள் இருந்தன. முதலாவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பவரும் குதிக்க வேண்டும். அவர் மடித்து அலமாரியில் வைத்தவற்றில் ஒன்றை வேறொருவர் எடுத்துத் தருவார். எதுவென்று முன்கூட்டித் தெரியாது. இருபத்திரண்டு ஆண்டில் நான் எழுபத்தொன்பது முறை குதித்திருக்கிறேன். எனக்கு உயரம் என்றால் இன்றும் பயம்தான். அந்தப் பயம்தான் என் கையைக் கவனமாக வைத்திருந்தது. இரண்டாவது, முதல்முறை குதித்த வீரர் அறுந்த சிவப்பு நூலை மடித்தவரிடம் கொண்டுவந்து கொடுப்பார். இது எந்த விதியிலும் இல்லை. என் மேசைக்கு அடியில் ஓர் ஆணியில் இருநூற்றுப் பன்னிரண்டு நூல்கள் தொங்குகின்றன. சென்ற ஆண்டு பிப்ரவரிக்குப் பிறகு அதில் ஒன்றுகூடச் சேரவில்லை.

4. அந்தப் பிப்ரவரியில்தான் மறைக்கல்வி நிலையங்களில் படித்த இளைஞர்களைக் கொண்டு ஏழாம் கம்பெனி அமைக்கப்பட்டது. முகாமில் அதை நோன்புக் கம்பெனி என்பார்கள். அவர்கள் நல்ல பிள்ளைகள். வணக்கம் சொல்லாமல் கடந்து போகமாட்டார்கள், தலையைக் குனிந்துகொண்டு சொல்வார்கள், அவ்வளவுதான். குதிக்குமுன் அவர்கள் வேண்டுதல் சொல்வது வழக்கம். அந்த நேரத்தில் உறவல்லாத பெண்ணின் கையெழுத்து உடம்பில் இருக்கலாகாது என்று படையின் சமய ஆலோசகர் கருத்து எழுதினார். முகாம் தளபதிக்குச் சண்டை வேண்டாம். "பெண் மடிப்பாளர்களின் கையெழுத்து அட்டையில் தவிர்க்கப்படும்" என்று மூன்று வரியில் ஆணை வந்தது. எட்டு மேசைகளில் ஐந்து பெண்களுடையவை. ஆகவே பெண்கள் மடிக்கக்கூடாது என்று ஆணையில் இல்லை. மடிக்க ஆள் வேண்டும், மடித்தவள் வேண்டாம்.

5. எந்த உறை எந்தக் கம்பெனிக்குப் போகும் என்று மடிக்கும்போது தெரியாது. ஆகவே ஏழாம் கம்பெனிக்கென்று தொடங்கியது எல்லாக் கம்பெனிக்கும் ஆயிற்று. ஐந்து பெண்களையும் சலவைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டு வெளியிலிருந்து ஆண்களைக் கொண்டுவரலாம் என்று பேச்சு எழுந்தது. அப்போது எங்கள் மேற்பார்வையாளர் தளபதியிடம் போய் நின்றார். அவரும் பக்திமான். ஆறு ஆண்டுக்கு முன் மனைவியை இழந்தபின் நோன்பும் வழிபாடுமாக ஆனவர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். நான் அவரை அண்ணன் என்றே அழைப்பேன். எங்கள் அட்டைகளில் தாமே கையெழுத்திடுவதாக அவர் ஒப்புக்கொண்டார். என்னிடம் வந்து, "நீ பாட்டுக்கு மடிம்மா. கையெழுத்துதானே, அது யார் போட்டா என்ன?" என்றார். அவரால் இரண்டு மேசைகளைத்தான் காப்பாற்ற முடிந்தது. மூன்றாம் மேசையும் நான்காம் மேசையும் தப்பின, மற்ற மூவரும் சலவைக் கிடங்குக்குப் போனார்கள். நான் அன்று வாயைத் திறக்கவில்லை. வேலை தப்பியதே என்று இருந்தேன். அதையும் இங்கே பதிவு செய்ய வேண்டுகிறேன்.

6. உறைகளை எடுத்துப்போக ஏழாம் கம்பெனி வீரர்கள் கூடத்துக்கு வருவதால் நடுவே ஒரு திரை போடச் சொன்னார்கள். கழித்துப்போட்ட பாராசூட் துணியில் அதைத் தைத்ததும் மூன்றாம் மேசைக்காரியும் நானும்தான். தையல் நேர்த்தியாக இருக்கிறது என்று தளபதி பாராட்டினார்.

7. திரையால் வந்த ஒரு மாற்றத்தைத் தாங்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். பாதி மடித்தபின் மேற்பார்வையாளர் மேசைக்கு வந்து இரண்டு கயிற்றுக் கொத்துக்கும் நடுவே கையை விட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கயிறு துணிக்கு மேலே ஏறிக் கிடந்தால் அந்தக் கைக்குத் தட்டுப்படும். இதைப் பாதிச் சோதனை என்போம். தனியாக இருக்கும் பெண்ணோடு திரைக்குப் பின்னால் நிற்கக்கூடாது என்பது அண்ணன் தமக்குத் தாமே வைத்துக்கொண்ட நெறி. ஆணையில் அது இல்லை. நாங்கள் இருவர் இருந்தால் வருவார். ஒருவர் இல்லாவிட்டால், திரைக்கு அந்தப் பக்கம் நின்று, மற்றவர் வரும்வரை பொறுக்கச் சொல்வார். வேலை குவியும் நாளில் பொறுப்பது எளிதல்ல. போகப்போக நான் இந்தப் பக்கம் நின்று "கயிறு சரி" என்று குரல் கொடுப்பதும் அவர் அந்தப் பக்கம் நின்று "சரி" என்பதும் பழக்கமாயிற்று. கை விட்டுப் பார்த்த சோதனை காதால் கேட்கும் சோதனையாயிற்று. யாருடைய மதமும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை, யாருடைய உரிமையும் அதைத் தடுக்கவில்லை.

8. இன்னொன்று. பதிவேட்டின்படி நான் இப்போது எதையும் மடிப்பதில்லை. ஆகவே மூன்று மாதக் குதிப்புக்கு என்னை அழைப்பது நின்றது. பதினான்கு மாதம் என் கால் தரையிலேயே இருந்தது. பிறரை மட்டும் மேலே அனுப்பிக்கொண்டிருந்தேன். முதல் சில மாதம் எனக்கு அது உறுத்தியது; பிறகு, முழங்காலுக்கு நல்லது என்று எடுத்துக்கொண்டேன்.

9. ஏப்ரல் 15, பிற்பகல். மூன்றாம் மேசைக்காரி தேநீர் குடிக்கப் போயிருந்தார். காலையில்தான் அண்ணனுக்கும் எனக்கும் வாக்குவாதம் நடந்திருந்தது. புதிதாக வந்த ஓர் ஆண் மடிப்பாளர், நான் கற்றுக்கொடுத்து மூன்று மாதம் ஆகாதவர், தம் அட்டையில் தாமே கையெழுத்திடுவதைப் பார்த்து எனக்கு மனம் பொறுக்கவில்லை. "நேத்து வந்தவன் போடலாம், நான் போட்டா தீட்டா?" என்று கேட்டேன். அவர் அடுத்த மேசைக்குப் போனார். பிற்பகலில் நான் பாதி மடித்து நிறுத்தினேன். "கொஞ்சம் பொறும்மா, அவ வந்துடட்டும், வந்து கை விட்டுப் பாத்துடறேன்" என்று திரைக்கு அப்பாலிருந்து சொன்னார். அன்று அவர் சரியாகத்தான் சொன்னார். நான் பொறுக்கவில்லை. வீம்பு. கயிற்றை ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்தேன், அடக்கினேன், நூலைக் கட்டினேன், உறையைத் திரைக்கு அடியில் தள்ளினேன். கட்டி முடித்த உறையை அவர் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். பிரித்தால் என் மேல் நம்பிக்கையில்லை என்றாகும் என்று நினைத்திருப்பார். கையெழுத்திட்டார்.

10. இரண்டு நாள் கழித்து ஏழாம் கம்பெனி வீரர் ஒருவர் அந்த உறையோடு குதித்தார். ஒரு கயிறு துணிக்கு மேலே ஏறியிருந்ததால் பாராசூட் நடுவில் இறுகி இரண்டாகப் பிதுங்கியது. மார்பில் கட்டியிருந்த ரிசர்வ் பாராசூட்டை இழுத்தார். தரை நெருங்கிவிட்டது. உயிர் பிழைத்தார். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது, இடுப்பெலும்பு விரிசல் கண்டது. மறுநாளே மேற்பார்வையாளர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார், கவனக்குறைவாக மடித்தார் என்று வழக்குப் பதிவாயிற்று.

11. விசாரணைக் குழுவின் முன் நான் மூன்று முறை போனேன். முதல் முறை அவர்கள் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, நான் பதினான்கு மாதமாக ஒரு பாராசூட்டையும் மடிக்கவில்லை என்று என்னிடம் தெரிவித்தார்கள். அப்படியானால் பதினான்கு மாதம் நான் அந்தக் கூடத்தில் என்ன செய்தேன் என்று பணிவுடன் கேட்டேன். அது குழுவின் வரம்புக்குள் வராது என்றார்கள். இரண்டாம் முறை, எழுத்தர் என்மேல் இரக்கப்பட்டு, "ஏம்மா, எல்லாரும் தப்பிக்கப் பாப்பாங்க, நீங்க எதுக்கு வந்து மாட்டிக்கறீங்க? வீட்ல ஏதாவது பிரச்சனையா?" என்றார். மூன்றாம் முறை உள்ளே விடவில்லை; என்னையும் சலவைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

12. அதன்பின் இரண்டு பேர் என்னைத் தேடி வந்தார்கள். முதலில் வந்தவர் சமத்துவப் பிரிவின் பெண் கேப்டன். கெட்டிக்காரர், என்மேல் உண்மையான அக்கறை உள்ளவர். திரையின் படங்களை எடுத்துக்கொண்டார். என் வாக்குமூலத்தைத் தாமே முன்வைப்பதாகச் சொன்னார். ஆனால் மேற்பார்வையாளர் என்னை மிரட்டி ஒடுக்கினார் என்று அதில் இருக்க வேண்டும், கயிறு விஷயம் இருக்கக்கூடாது. "அக்கா, பொம்பளைங்க மடிச்சா இப்படித்தான்னு ஒரே வார்த்தைல முடிச்சிடுவாங்க. இருபது வருஷமா போராடினது வீணாப் போயிடும். கொஞ்சம் யோசிங்க" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. நான் யோசித்தேன்.

13. நான்கு நாள் கழித்துச் சமய ஆலோசகர் வந்தார். இனிமையாகப் பேசினார், தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார். ஏழாம் கம்பெனி பதினான்கு மாதமாகப் பெண்கள் மடித்ததைச் சுமந்துகொண்டுதான் குதித்தது என்று வெளியே தெரிந்தால் அந்த இளைஞர்கள் மனம் உடைந்துபோவார்கள் என்றார். "அறியாம செஞ்சது பாவமில்லம்மா. அறிய வச்சாத்தான் பாவம். அவங்களுக்காக நீங்க பேசாம இருக்கணும்" என்றார். இந்த முகாமில் அந்தக் கேப்டனும் இவரும் நேருக்கு நேர் வந்தால் ஒருவர் பாதை மாறிப் போவார். ஆனால் நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதில் மட்டும் இருவரும் ஒன்று. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். எனக்கு இரண்டு பக்கமும் வேண்டுகோள். இடியே மேல் என்று தோன்றுகிறது ஐயா, அதற்காவது சத்தம் உண்டு.

14. மருத்துவமனைக்கும் போனேன். யாரும் அனுப்பவில்லை. அந்த வீரர் முறைப்படி முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். கட்டிலருகே அவர் தாயார் இருந்தார், மகனைவிட நோன்பில் உறுதியானவர் என்று பார்த்தாலே தெரிந்தது. நான்தான் மடித்தேன் என்று சொன்னேன். பெண் கை பட்டதற்குத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்; அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவர் நெடுநேரம் என் கைகளையே பார்த்துவிட்டு, "எந்தக் கையா இருந்தா என்னம்மா, பாத்து மடிச்சிருக்கக் கூடாதா?" என்றார். இந்த ஏழு வாரத்தில் என்னை மடிப்பாளராக நடத்திக் கேள்வி கேட்டவர் அவர் ஒருவர்தான்.

15. நான் எழுந்தபோது அந்த வீரர் சுவரைப் பார்த்தபடியே, ரிசர்வ் பாராசூட்டை மடித்தது யார் என்று கேட்டார். தாயார் கைப்பையிலிருந்து ரிசர்வ் உறையின் அறுந்த சிவப்பு நூலை, முடிச்சில்லாத ஒரு துண்டை, எடுத்துக் காட்டினார். கால் நடமாடத் தொடங்கியதும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று மகன் எடுத்துவைக்கச் சொன்னாராம். அந்த அட்டையிலும் மேற்பார்வையாளர் கையெழுத்தே இருக்கிறது. மூன்றாம் மேசைக்காரி தாம் மடித்ததாக இருக்கலாம் என்கிறார், அவருக்கும் உறுதியில்லை. ஆகவே அந்த நூலை யாரிடம் கொடுப்பது என்று என்னால் சொல்ல முடியவில்லை. பழியைப் போலவே நன்றியும் போய்ச்சேர இடமில்லாமல் அந்தப் பையில் கிடக்கிறது.

16. கடைசியாக மேற்பார்வையாளரின் குடியிருப்புக்குப் போனேன். மகள் வீட்டில் இருந்ததால் உள்ளே வரச் சொன்னார். இல்லாவிட்டால் வாசலிலேயே நின்று பேசியிருப்போம். பதினைந்து நாளில் பத்து வயது கூடியவர் போல இருந்தார். குழுவிடம் அவர் சொன்னது ஒரே வரி: கையெழுத்து என்னுடையது. என்னிடமும் அதையே சொன்னார். "நீ இடக்கைக்காரிம்மா. உன் முடிச்சு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் போட்டேன்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க சாமி பொய்க் கையெழுத்துக்கு மட்டும் கண்ண மூடிக்குமா அண்ணே?" என்று கேட்டுவிட்டேன். அவர் மகளுக்கும் கேட்கும்படியாகத்தான் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "மூடிக்காதும்மா. அதுக்குத்தான் இந்தத் தண்டனை" என்றார். அந்தப் பதிலை ஐந்து வாரமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். பொய்க் கையெழுத்துக்கான தண்டனை அவருக்கு உரியது என்றால் அதை நான் பங்கு கேட்கவில்லை. கயிற்றுக்கான தண்டனை அவருடையதல்ல. அதை அவரிடமிருந்து வாங்கி எனக்குத் தரவேண்டும் என்பதே இந்த மனு.

17. சாட்சி இல்லை என்று யாரும் சொல்லாதிருக்க ஒன்றைத் தெரிவிக்கிறேன். கூடத்தில் இடக்கையால் மடிப்பவள் நான் ஒருத்திதான். என் கயிற்று அடுக்கு இடமிருந்து தொடங்கும், என் முடிச்சு மற்றவர்கள் முடிச்சுக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். விபத்துக்குள்ளான உறையில் தங்கிய சிவப்பு நூல், முடிச்சோடு, குழுவின் சாட்சிப் பையில் இருக்கிறது. அட்டையைப் பார்த்தவர்கள் முடிச்சைப் பார்க்கவில்லை. முத்திரையிட்ட அலமாரியில் இன்னும் நாற்பத்தொரு உறைகள் உள்ளன. அவற்றில் இடப்பக்கம் திரும்பியவை எல்லாம் என்னுடையவை, பதிவேடு என்ன சொன்னாலும்.

18. ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து,

(அ) ஜூன் 18க்கு முன் என்னை அழைத்து விசாரித்து, அந்தப் பாராசூட்டை மடித்தவர் என்று என்னைப் பதிவு செய்து, எனக்குரிய தண்டனையை எனக்கே அளிக்க வேண்டுகிறேன்.

(ஆ) மடிப்பவர் யாராயினும் அவர் கையெழுத்தே அட்டையில் இருக்க ஆணையிட வேண்டுகிறேன். அதைச் சுமக்க ஒரு வீரரின் மனம் ஒப்பவில்லை என்றால் அவர் வேறோர் உறையைக் கேட்டு வாங்கட்டும். அது அவர் உரிமை. யார் மடித்தது என்பதை அவரிடமிருந்து மறைக்க ஒருவருக்கும் உரிமையில்லை.

(இ) பாதிச் சோதனை கையால் மட்டுமே நடக்க வேண்டும். திரை இருந்தே தீரும் என்றால் திரைக்கு இந்தப் பக்கமும் ஒரு மேற்பார்வையாளரை வைக்கலாம். மூன்றாம் மேசைக்காரிக்கு அந்தத் தகுதி உண்டு. எனக்கு இனி இல்லை.

(ஈ) தண்டனைக்கு முன் ஒருமுறை நான் குதிக்க அனுமதிக்க வேண்டுகிறேன். அந்த நாற்பத்தொன்றில் என் முடிச்சுள்ள எதையாவது தங்கள் அலுவலர் எடுத்து என் முதுகில் கட்டட்டும். எதுவென்று எனக்குச் சொல்ல வேண்டாம். ஐந்து தவணை தவறவிட்டிருக்கிறேன்.

நான் யாருடைய வழிபாட்டையும் குறை சொல்லவில்லை, யாருடைய போராட்டத்தையும் இழிவு செய்யவில்லை. எனக்குக் களைப்பாக இருக்கிறது ஐயா. இருபத்திரண்டு ஆண்டு சரியாக மடித்ததற்கு என் பெயர் வேண்டாம் என்றார்கள்; பேசாமல் இருந்தேன். ஒருமுறை தவறாக மடித்ததற்காவது என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

பதிலை எதிர்பார்த்து, சலவைக் கிடங்கு வாசலில் தினமும் தபாலுக்காகக் காத்திருக்கும்,

(கையெழுத்து, இடக்கையால் இட்டது)
முதல்நிலை மடிப்பாளர், நான்காம் மேசை

இடம்: பயிற்சி முகாம்
நாள்: ஜூன் 9

இணைப்பு: சிவப்பு நூல் ஒன்று, என் முடிச்சுடன். சாட்சிப் பையில் உள்ளதோடு வைத்துப் பார்க்கவும். அவிழ்க்க வேண்டாம்.